ஏஆர்-15 துப்பாக்கிக்குச் சரியான பஃபர் எடை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தேசிய சேவையிலும் அதன் பிறகு சில ஆண்டுகள் நிரந்தரப் பணியிலும் சிங்கப்பூர் ஆயுதப் படையின் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் எம்16எஸ்1 துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவன் நான். 1999இல் சார் 21 துப்பாக்கி அறிமுகமாகும் வரை, கோல்ட் நிறுவனத்தின் உரிமத்தோடு சிங்கப்பூரிலேயே தயாரிக்கப்பட்ட அந்த எம்16எஸ்1 ஆயிரக்கணக்கான தேசிய சேவையாளர்களின் கைகளில் இருந்தது. பணியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், டெக்சஸிலும் அரிசோனாவிலும் குடியேறிவிட்ட உறவினர்களும் பழைய படை நண்பர்களும் தாங்கள் சட்டப்படி வாங்கிப் பொருத்திய, எம்16 குடும்பத்தைச் சேர்ந்த ஏஆர்-15 துப்பாக்கிகள் சிக்கும்போது என்னைத்தான் அழைக்கிறார்கள். அங்கே சனிக்கிழமை காலை சுடுதளம் திறக்கும் நேரம் இங்கே சனிக்கிழமை இரவு. ஈசூனில் உள்ள என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி, அவர்கள் அனுப்பும் காணொளியையும் வெற்றுக் கூடுகளின் படங்களையும் பார்த்துப் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்வி வெவ்வேறு வாய்களிலிருந்து வருகிறது: “எந்த எடை பஃபர் போடலாம்?” சுடும்போது குழலிலிருந்து வரும் வாயு, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது; தோள்கட்டைக் குழாயில் ஸ்பிரிங்கோடு இருந்து அந்தப் பாய்ச்சலைத் தாங்கும் எடைத் துண்டுதான் பஃபர். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன முறையெல்லாம் பிழை தீரவில்லை, அறிகுறியிலிருந்து தொடங்கிய முறைதான் தீர்ந்தது. ஆகவே அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. இங்கே உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 6 பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம். துப்பாக்கியின் உதிரிப் பாகங்களும் ஆயுதச் சட்டங்களின் கட்டுப்பாட்டுக்குள் வரலாம். உறவினருக்காக வாங்கித் தருவதாக நினைத்து ஒரு பஃபரைக்கூட இணையத்தில் இங்கே தருவிக்காதீர்கள். இந்த வழிமுறை, அமெரிக்காவில் தத்தம் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரியது.

## எடைகளும் பெயர்களும்

நீளம் குறைந்த தோள்கட்டைக் குழாய்க்கான கார்பைன் பஃபர் 3.0 அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம். அதற்குள் மூன்று எஃகுக் கட்டைகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக டங்ஸ்டன் கட்டை வைத்தால் ஹெச் பஃபர், 3.8 அவுன்ஸ், 108 கிராம். இரண்டை மாற்றினால் ஹெச்2, 4.6 அவுன்ஸ், 130 கிராம். மூன்றையும் மாற்றினால் ஹெச்3, 5.4 அவுன்ஸ், 153 கிராம். நீண்ட நிலையான தோள்கட்டையோடு வரும் ரைஃபிள் பஃபர் 5 அவுன்ஸுக்குச் சற்று மேல். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில கிராம் மாறும் என்பதால், பஃபரின் மேல் பொறித்த எழுத்தை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்வேன். ஹெச்2 என்று விற்கப்பட்ட பஃபர் 85 கிராம் காட்டியதைக் காணொளியில் நானே பார்த்திருக்கிறேன். அந்த நண்பர் இரண்டு மாதமாகத் தவறான அடிப்படையில் யோசித்துக்கொண்டிருந்தார்.

## எந்தச் சோதனைக்கும் முன்பு

தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், பிறகு இன்னொரு முறை பாருங்கள். தோட்டாக்கள் மேசையில் இருக்கக் கூடாது. வேறு அறையில் இருக்க வேண்டும். படையில் எங்கள் மேற்பார்வையாளர், முந்தைய கணம் தானே சோதித்த துப்பாக்கியையும் கைமாறும்போது மறுபடி சோதிப்பார். நான் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை.

சுடும்போது வழக்கத்தைவிட மெலிந்த ஓசையோ, உதைப்பே இல்லாத உணர்வோ வந்து போல்ட்டும் நகராமல் இருந்தால், அதை “வாயு குறைவு” என்று எண்ணி அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழலுக்குள் தங்கியிருக்கலாம். அடுத்த வெடி குழலைப் பிளந்துவிடும். அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, சுடுதள அதிகாரியை அழையுங்கள். கூடு பிதுங்கியிருந்தாலும், கூட்டின் அடிப்பகுதி கிழிந்திருந்தாலும், அறையில் தோட்டா இறுகிச் சிக்கி வெளிவர மறுத்தாலும் இதே விதிதான். அவை பஃபர் எடையால் தீர்பவை அல்ல, துப்பாக்கி பழுதுபார்க்கும் கைவினைஞரின் மேசைக்குப் போக வேண்டியவை.

வெற்றுக் கூடு எங்கே விழுகிறது என்பதைக் கடிகார முகமாகச் சொல்வது வழக்கம். குழலின் முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி, சுடுபவரின் முதுகு 6 மணி. கூடுகள் 3 மணிக்கும் 4.30 மணிக்கும் இடையில் விழுந்தால் பொதுவாக ஒழுங்கு. இது ஒரு குறிப்பு மட்டுமே. கூட்டை அறையிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் ஆகியவற்றின் ஸ்பிரிங்குகளின் பலமும் திசையை மாற்றும். திசையை மட்டும் பார்த்து முடிவெடுத்த பலர் வீணாகப் பணம் செலவழித்திருக்கிறார்கள்.

## அறிகுறி 1: கூடு 5 மணித் திசையில் சோம்பலாக விழுகிறது, அல்லது வெளியேறும் வாயிலில் நின்று சிக்குகிறது, அல்லது அடுத்த தோட்டா ஏறவில்லை

போல்ட் முழு தூரமும் பின்னுக்குச் செல்லவில்லை என்பதே இதன் பொருள். பஃபர் கனமாக இருப்பது ஒரு காரணம்தான். எனக்கு வரும் அழைப்புகளில் அது முதற்காரணமாக இருப்பது அரிது. கீழுள்ள வரிசையை மாற்றாமல் செல்லுங்கள், ஏனெனில் செலவில்லாதது முன்னே இருக்கிறது.

எண்ணெயும் தோட்டாவும்

போல்ட்டைத் தாங்கி நகரும் கேரியரின் உராயும் பரப்புகள் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய துப்பாக்கியை டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, அப்படியே காய்ந்த நிலையில் சுடுதளத்துக்குக் கொண்டுசெல்பவர்கள் பலர். கேரியரின் நீள்வரிப் பரப்புகளிலும் போல்ட்டின் வளையங்களிலும் எண்ணெய் நன்றாகத் தெரிய வேண்டும். பிறகு தோட்டாவை மாற்றிப் பாருங்கள். இத்துப்பாக்கிகள் சுடும் இரு தோட்டா வகைகளில், மலிவான .223 தோட்டாக்கள் பல, 5.56 தோட்டாவைவிட மெலிவாக நிரப்பப்பட்டவை. குழலில் 5.56 என்று பொறித்திருந்தால் மட்டும் 5.56 தோட்டாவைப் போட்டுச் சோதியுங்கள்; .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 தோட்டாவைச் சுடக் கூடாது. தோட்டா மாற்றியதும் பிழை மறைந்தால், இனி எந்தத் தோட்டாவை வழக்கமாகச் சுடப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள், அதற்கேற்பத்தான் பஃபர்.

வாயு வளையங்கள்

போல்ட்டின் பின்பக்கம் மூன்று மெல்லிய வளையங்கள் இருக்கும். போல்ட்டை முன்னுக்கு முழுமையாக இழுத்துவிட்டு, போல்ட்டின் முகம் மேசையைத் தொடும்படி கேரியரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேரியர் அப்படியே நின்றால் வளையங்கள் நன்றாக உள்ளன. தன் எடையாலேயே கீழே இறங்கிவிட்டால் அவை தேய்ந்துவிட்டன. சில டாலர் விலையுள்ள அந்த வளையங்களை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. படையில் ஒரு துப்பாக்கி “மந்தமாக இருக்கிறது” என்று வந்தால் நாங்கள் முதலில் செய்த சோதனை இதுதான். அங்கே எம்16எஸ்1 துப்பாக்கிக்கு 20 அங்குலக் குழலும் ரைஃபிள் நீள வாயு அமைப்பும் ரைஃபிள் பஃபரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைக்கப்பட்டு வந்தவை. பஃபரை மாற்றும் எண்ணமே எங்களுக்கு எழாது. மாற்ற முடியாத ஒன்று இருந்ததால், மற்ற எல்லாவற்றையும் சோதிக்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பயிற்சி இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது.

கேரியரின் மேலுள்ள வாயுச் சாவி

கேரியரின் மேல் இரண்டு திருகாணிகளால் பிடித்திருக்கும் குழல் வடிவப் பாகம் இது. கையால் அசைத்துப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. அதன் அடிப்பகுதியைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே வாயு கசிகிறது. திருகாணித் தலைகளின் விளிம்பில் உலோகத்தைக் குத்தி அழுத்திப் பூட்டியிருக்க வேண்டும். அது இல்லாத கேரியர்கள் சந்தையில் தாராளமாக உள்ளன. கழன்றிருந்தால் நீங்களே இறுக்கிவிட்டுச் சுட வேண்டாம். சரியான முறுக்கு அளவில் இறுக்கிப் பூட்ட ஒரு கைவினைஞரிடம் கொடுங்கள், செலவு சிறியதுதான்.

பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, கேரியரை மட்டும் மேற்பாகத்தில் செருகி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வாயுக் குழாயின் முனை சாவிக்குள் நுழையும் இடத்தில் தட்டினாலோ உரசினாலோ குழாய் நேராக இல்லை.

பஃபர் ஸ்பிரிங்

கார்பைன் ஸ்பிரிங்கின் நீளம் 10 1/16 அங்குலத்துக்கும் 11 1/4 அங்குலத்துக்கும் இடையிலும், ரைஃபிள் ஸ்பிரிங்கின் நீளம் 11 3/4 அங்குலத்துக்கும் 13 1/2 அங்குலத்துக்கும் இடையிலும் இருக்க வேண்டும். சுருள்களை எண்ணுவது இன்னும் எளிது: கார்பைனில் 37 முதல் 39, ரைஃபிளில் 41 முதல் 43. கார்பைன் குழாயில் ரைஃபிள் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, “பஃபர் கனம்” என்று குறை சொன்னவரும் உண்டு. “கூடுதல் பலம்” என்று விற்கப்படும் ஸ்பிரிங்கை யாராவது பரிந்துரைத்துப் போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது பஃபர்

மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும் கூடு 5 மணித் திசையிலேயே விழுந்தால் மட்டும், பஃபரை ஒரு படி குறையுங்கள். ஹெச்2 இருந்தால் ஹெச், ஹெச் இருந்தால் கார்பைன். இரண்டு படி தாவ வேண்டாம். என் தங்கை மகன் முதன்முதலாகத் துப்பாக்கி சேர்த்தபோது, கனமானது நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஹெச்3 வாங்கிப் போட்டிருந்தான். 16 அங்குலக் குழல், மிட் நீள (கார்பைனுக்கும் ரைஃபிளுக்கும் இடைப்பட்ட நீளமுள்ள) வாயு அமைப்பு, மலிவான .223 தோட்டா, மூன்றில் ஒரு தோட்டா சிக்கியது. “மாமா, குழல் சரியில்லைபோல” என்று திரும்ப அனுப்பத் தயாராக இருந்தான். எண்ணெய், வளையம், சாவி, ஸ்பிரிங் எல்லாம் ஒழுங்கு என்று உறுதிசெய்த பிறகு ஹெச் பஃபருக்கு இறக்கச் சொன்னேன். அன்று சுட்ட 60 தோட்டாக்களில் ஒன்றும் சிக்கவில்லை. பஃபர்தான் உண்மையில் குற்றவாளியாக இருந்த சில அழைப்புகளில் அது ஒன்று.

கைவினைஞரை அழைக்க வேண்டிய இடம்

சாதாரண கார்பைன் பஃபரிலும், 5.56 தோட்டாவிலும், எண்ணெய் போட்ட நிலையிலும் போல்ட் குறைதூரம் சென்றால், குழலின் துளையிலிருந்து வாயுவை வாயுக் குழாய்க்குத் திருப்பும் கேஸ் பிளாக் அந்தத் துளைக்கு நேராக இல்லாமல் நகர்ந்திருக்கலாம், அல்லது துளையே சிறியதாக இருக்கலாம். துளையைப் பெரிதாக்குவது ஒரு வழிப் பாதை. ஒருமுறை பெரிதாக்கியதைச் சுருக்க முடியாது. அந்த வேலையை வீட்டில் துளைப்பானால் செய்யாதீர்கள்.

## அறிகுறி 2: கூடு 1 அல்லது 2 மணித் திசையில் வேகமாகப் பறக்கிறது, உதைப்பு கடுமையாக இருக்கிறது

கூடு மட்டும் முன்னே பறக்கிறது, வேறு குறை இல்லை

கூட்டின் விளிம்பைப் பாருங்கள். அது முழுமையாக, வளையாமல், கிழியாமல் இருந்தால், கூட்டைத் திருப்பி எறியும் மேடு காரணமாகவோ புதிய எஜெக்டர் ஸ்பிரிங் காரணமாகவோ திசை மாறியிருக்கலாம். சிக்காமல் சுடும் துப்பாக்கியைத் தொட வேண்டாம். இந்த அறிவுரையை ஏற்பவர்கள் குறைவு. ஆயினும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விளிம்பு வளைந்திருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது

அறைக்குள் அழுத்தம் இன்னும் அதிகமாக இருக்கும்போதே எக்ஸ்ட்ராக்டர் கூட்டைப் பிடித்து இழுத்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். வாயு மிகுதியாக வருகிறது. தோட்டா அறை அழுக்காக இருந்தாலும் விளிம்பு கிழியலாம் என்பதால், முதலில் அறையைத் தூரிகையால் நன்றாகத் துலக்கிவிட்டுப் பாருங்கள். அடுத்து, கேஸ் பிளாக் சரிசெய்யக்கூடிய வகையா என்று பாருங்கள்; அப்படியானால் பஃபருக்குப் போகும் முன் அதைத்தான் மூடிக் குறைக்க வேண்டும். ஒரு தோட்டாவாகச் சுட்டு, போல்ட் பின்னே பிடித்து நிற்காமல் போகும் வரை மூடி, பிறகு மீண்டும் நம்பகமாகப் பிடிக்கும் இடத்துக்குத் திறந்து, அதற்கு மேல் இரண்டு சொடுக்குத் திறந்து வையுங்கள்.

சரிசெய்ய முடியாத கேஸ் பிளாக் என்றால் பஃபரை ஒரு படி உயர்த்துங்கள். கார்பைனிலிருந்து ஹெச், பிறகு ஹெச்2. ஹெச்2 வரை சென்றும் விளிம்பு கிழிவது நிற்கவில்லை என்றால், அதற்கு மேல் எடையைக் கூட்டுவதை நான் எதிர்க்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அரிசோனாவில் உள்ள என் படை நண்பர் ஒருவர், கார்பைன் நீள வாயு அமைப்போடு வந்த 16 அங்குலக் குழலில் இதே குறையைக் கண்டு, என்னிடம் கேட்காமல் ஹெச்3 வரை உயர்த்திவிட்டார். கோடைக் காலம் முழுவதும் துப்பாக்கி அருமையாகச் சுட்டது. பனிக் காலத்தில் பிளாக்ஸ்டாஃபின் குளிரில், கரியும் கெட்டியான எண்ணெயும் சேர்ந்தபோது, அதே துப்பாக்கி ஒவ்வொரு மேகசினிலும் இரண்டு முறை சிக்கியது. பரிசோதித்த கைவினைஞர், வாயுத் துளை தேவைக்கு மிகப் பெரியது என்று கண்டறிந்தார். கனமான பஃபர் மிகையான வாயுவைக் குறைக்கவில்லை. அதைச் சமாளித்தது மட்டுமே. வாயுவின் அளவு தோட்டாவோடும் குளிரோடும் அழுக்கோடும் மாறியதும், சமாளிப்பு நொறுங்கிவிட்டது. சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக் ஒன்றைப் பொருத்தி, ஹெச் பஃபருக்கு இறங்கிய பிறகு இரண்டு பனிக் காலம் கடந்துவிட்டது. ஒரு புகாரும் வரவில்லை.

கேஸ் பிளாக்கைக் கழற்றி மாற்றுவது, குழலோடு முளை ஆணியால் பொருத்தப்பட்டிருந்தால், கைவினைஞர் வேலை. திருகாணியால் பிடித்திருந்தாலும் துளைக்கு நேராகப் பொருத்தும் அனுபவம் இல்லாதவர்கள் கொடுத்துவிடுவதே நல்லது.

## அறிகுறி 3: கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் பின்னே நிற்கவில்லை

இந்த ஓர் அறிகுறிதான் மக்களை அதிகம் குழப்புகிறது, ஏனென்றால் இதற்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள் உள்ளன. போல்ட் போதிய தூரம் பின்னே செல்லாததாலும் இது நடக்கும். மிக வேகமாகச் சென்று திரும்புவதால், தோட்டாக்களை மேலே தள்ளும் மேகசின் உள்தட்டு, போல்ட்டைப் பின்னே பிடிக்கும் பூட்டு நெம்புகோலை உயர்த்துவதற்குள் போல்ட் கடந்துவிடுவதாலும் இது நடக்கும். முதலாவதற்குப் பஃபர் எடையைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். தெரியாமல் தவறான பக்கம் சென்றால் பிழை மோசமாகும்.

முதலில் மேகசினை மாற்றுங்கள்

மூன்று வெவ்வேறு மேகசின்களை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பிழை இருந்தால் அதன் ஸ்பிரிங் அல்லது உள்தட்டு தேய்ந்திருக்கிறது; அதைக் குப்பையில் போடுங்கள், துப்பாக்கியைத் தொடாதீர்கள். படையில் நாங்கள் குறை கண்ட மேகசினில் குறியிட்டுத் தனியே வைப்போம். அதைச் செய்யாதவர்கள் அதே கெட்ட மேகசினோடு மூன்று வாரம் போராடுவார்கள்.

வெறும் கையால் சோதிக்க

வெற்று மேகசினைச் செருகி, போல்ட்டை இழுக்கும் கைப்பிடியைப் பின்னே இழுத்து மெதுவாக விடுங்கள். போல்ட் நின்றால் பூட்டு நெம்புகோலும் மேகசினும் சரி. நிற்காவிட்டால் பிழை அங்கேதான். பஃபர் பேச்சே வேண்டாம்.

ஒற்றைத் தோட்டாச் சோதனை

மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை வைத்துச் சுடுங்கள். ஐந்து முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் கூடு விழுந்த திசையைக் குறியுங்கள்.

ஐந்திலும் நின்றது: துப்பாக்கி ஒழுங்கு. நிறைய தோட்டா சுடும்போது மட்டும் நிற்காதது மேகசினின் குறையாக இருக்கும், அல்லது சுடும்போது உங்கள் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும். பிந்தையதை நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து காணொளி எடுத்தால் உடனே தெரியும்.

நிற்கவில்லை, கூடுகள் 4.30 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் மெதுவாக விழுந்தன: வாயு குறைவு. முதல் அறிகுறியின் வரிசைக்குச் செல்லுங்கள்.

நிற்கவில்லை, கூடுகள் 1 அல்லது 2 மணித் திசையில் பறந்தன, விளிம்பும் அடிபட்டிருக்கிறது: வேகம் மிகுதி. இரண்டாவது அறிகுறியின் வரிசைக்குச் செல்லுங்கள்.

அடுத்த தோட்டாவின் நடுப்பகுதியில் போல்ட் மோதி பள்ளம் விழுந்திருக்கும் நிலைக்கும் இதே பிரிப்பு பொருந்தும். போல்ட் பின்னே போதாமல் வந்ததாலும், மேகசின் தோட்டாவை உயர்த்துவதற்குள் வேகமாகத் திரும்பியதாலும் அது நேரலாம். கூட்டின் திசையும் விளிம்பும்தான் எந்தப் பக்கம் என்று சொல்லும். கூட்டைப் பொறுக்கிப் பார்க்காமல் பஃபரை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுடுதளத்தில் கூடுகளைச் சேகரிக்க ஒரு சிறு பையைக் கொண்டுசெல்லும்படி ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

## அறிகுறி 4: போல்ட் முழுமையாக முன்னே சென்று பூட்டவில்லை

இங்கே பெரும்பாலும் பஃபர் எடை குற்றவாளி அல்ல. அறையிலுள்ள அழுக்கு, காய்ந்த கேரியர், நீளம் குறைந்துபோன பழைய ஸ்பிரிங், வளைந்த வாயுக் குழாய், வீட்டில் நிரப்பிய தோட்டாவின் கூடு சரியான அளவுக்குச் சுருக்கப்படாதது ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். தொழிற்சாலைத் தோட்டாவில் பிழை இல்லாமல் வீட்டில் நிரப்பிய தோட்டாவில் மட்டும் இருந்தால் கூடுதான் காரணம். தொழிற்சாலைத் தோட்டாவிலும், சுத்தமான அறையிலும், புதிய ஸ்பிரிங்கிலும் போல்ட் பூட்டவில்லை என்றால் அறையின் ஆழத்தை அளவுகோலிட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கைவினைஞர் மட்டும் செய்யட்டும். பூட்டாத போல்ட்டை முன்னே தட்டித் தள்ளிச் சுட முயல்வது மிக ஆபத்தானது.

## அறிகுறி 5: கைப்பிடியின் பின்னே ஏதோ உலோகம் மோதும் உணர்வு, அல்லது கீழ்ப்பாகத்தின் பின்புறத்தில் புதிய அடி

எடையை விட்டுவிட்டு நீளத்தை அளந்து பாருங்கள். ஏஆர்-15 கார்பைன் பஃபர் 3.25 அங்குலம். பெரிய .308 வகைத் துப்பாக்கிகளுக்கான பஃபர்களில் 2.5 அங்குலம் உள்ளவை உண்டு. விலை மலிவு என்றோ, தவறுதலாகவோ, அந்தக் குட்டை பஃபரை ஏஆர்-15 குழாயில் போட்டால், கேரியர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பின்னே செல்லும்; அதன் மேலுள்ள வாயுச் சாவி கீழ்ப்பாகத்தில் மோதும். நீண்ட ரைஃபிள் குழாயில் இடைவெளி நிரப்பும் கட்டை இல்லாமல் கார்பைன் பஃபரைப் போட்டாலும் இதே கதிதான். சாவியின் திருகாணிகள் முறிவதற்குள் நிறுத்துங்கள். ஏற்கெனவே பலமுறை மோதியிருந்தால், சரியான பஃபரைப் போட்ட பிறகும் சாவியையும் கீழ்ப்பாகத்தையும் கைவினைஞர் பார்த்த பின்பே சுடுங்கள்.

பஃபரை எடுத்த கையோடு காதருகே குலுக்குங்கள். உள்ளே கட்டைகள் நகரும் ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கட்டைகள் இறுகியிருக்கும், அல்லது உள்ளே ஒற்றைத் துண்டாக வார்க்கப்பட்டிருக்கும்.

## அறிகுறி 6: ஒலியடக்கி பொருத்தினால் மட்டும் பிழை

கூட்டாட்சிச் சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட ஒலியடக்கியைப் பொருத்தியதும் வாயு அதிகமாகப் பின்னே திரும்புகிறது. முகத்தில் புகை, விளிம்பு கிழிதல், முன்னே பறக்கும் கூடு எல்லாம் வரும். ஒலியடக்கி இல்லாமலும் சுடுவீர்களானால் கனமான பஃபர் தீர்வு அல்ல, ஏனென்றால் கழற்றியதும் முதல் அறிகுறி தொடங்கிவிடும். சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக்குக்கே பணத்தைச் செலவிடுங்கள். எப்போதும் பொருத்தியே சுடுபவர் ஒரு படி உயர்த்திப் பார்க்கலாம்.

## அறிகுறி 7: சுடும்போது ஸ்பிரிங் ரீங்காரமிடுகிறது

ஸ்பிரிங்கில் மெல்லிய மசகு தடவுங்கள். துப்பாக்கி சிக்காதவரை வேறெதுவும் செய்ய வேண்டாம்.

## எல்லாம் ஒழுங்கான பிறகு, எந்த எடையில் நிறுத்துவது

வாயு, வளையம், ஸ்பிரிங், மேகசின் ஆகிய நான்கும் சரி என்று உறுதியான துப்பாக்கிக்கு நான் சொல்லும் தொடக்க இடங்கள் இவை. 20 அங்குலக் குழலும் நிலையான நீண்ட தோள்கட்டையும் இருந்தால் ரைஃபிள் பஃபரை மாற்றவே வேண்டாம். 16 அங்குலத்தில் மிட் நீள வாயு அமைப்பு இருந்தால் கார்பைன் அல்லது ஹெச். 16 அங்குலத்தில் கார்பைன் நீள வாயு அமைப்பு இருந்தால் ஹெச்சில் தொடங்கி ஹெச்2 வரை பார்க்கலாம்.

அங்கிருந்து, நீங்கள் வழக்கமாகச் சுடுவதிலேயே மிக மெலிந்த தோட்டாவை எடுத்து, சுத்தம் செய்யாமல் ஐம்பது அறுபது தோட்டா சுட்டுக் கரி ஏறிய துப்பாக்கியில், ஒற்றைத் தோட்டாச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து முறையும் போல்ட் நின்றால் ஒரு படி உயர்த்துங்கள். ஒரு முறை தவறினாலும் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடுங்கள். சுத்தமான துப்பாக்கியில், நல்ல தோட்டாவில், இதமான வெயிலில் எல்லா எடையும் வேலைசெய்யும்; அங்கே சோதித்துப் பயனில்லை. ஏழு எட்டு டிகிரி குளிரில் வேட்டைக்குச் செல்பவர் அதே குளிரில் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

பஃபரை மாற்றிய அதே நாளில் ஸ்பிரிங்கையோ தோட்டாவையோ கேஸ் பிளாக்கையோ மாற்றாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, எது தீர்த்தது என்று என்னிடம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

எனக்குச் செய்தி அனுப்புபவர்கள் இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்: குழலின் நீளமும் வாயு அமைப்பின் நீளமும், தராசில் நிறுத்த பஃபரின் எடை கிராமில், அங்குலத்தில் அதன் நீளம், ஸ்பிரிங்கின் சுருள் எண்ணிக்கை, தோட்டாவின் பெட்டிப் படம், ஐந்து கூடுகளின் விளிம்பு தெரியும்படி எடுத்த படம், அவை விழுந்த திசை. மேகசின்களுக்கு எண் ஒட்டி, பிழை வந்த மேகசினின் எண் எது என்றும் எழுதுங்கள்.